மூன்றாவது கட்டம்



போன மாதம் ஒரு மத்தியானம் நம் வாசகர் ஒருவர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். தஞ்சாவூர்க்காரர். பணி ஓய்வு பெற்று ஏழெட்டு வருடம் ஆகிறது. நம் இதழின் பழைய பிரதிகளைக் கட்டுக் கட்டாகப் பரணில் ஏற்றி வைத்திருப்பவர். அவரிடம் ஒரு நீள நோட்டு இருக்கிறதாம். ஸ்கேல் வைத்து மூன்று கட்டம் போட்டிருக்கிறார். முதல் கட்டத்தில் ஊர், இரண்டாவதில் சாமி, மூன்றாவதில் 'எதற்கு'. இதுவரை இருநூற்றுச் சொச்சம் கோயில்கள் ஏறிவிட்டன. மூன்றாவது கட்டத்தைக் கொஞ்சம் வாசித்துக் காட்டுங்கள் என்றேன். கல்யாணத் தடை, கடன், கோர்ட் கேஸ், பிள்ளை வரம், வெளிநாட்டு வேலை, மூட்டுவலி என்று போய்க்கொண்டே இருந்தது.

"அடுத்த மாசம் ராமேஸ்வரம் போறோம் சார். பட்டுக்கோட்டை, தொண்டி வழியா. நடுவுல உப்பூர் வருது. வெயிலுகந்த விநாயகர். அவரு எதுக்கு சார்?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. உப்பூருக்கு நான் போனதே இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன். "சரி சார், அந்தக் கட்டத்தைக் காலியா விட்டு வைக்கிறேன்" என்றார்.

அந்தக் காலிக் கட்டம் என்னைத் தூங்கவிடவில்லை என்று எழுதினால் மிகையாக இருக்கும். நன்றாகவே தூங்கினேன். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிட்டேன்.

தொண்டியிலிருந்து ராமநாதபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், தேவிபட்டினத்துக்குக் கொஞ்சம் வடக்கே இருக்கிறது உப்பூர். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் கருவேலங்காடு, நடுவே உப்பளப் பாத்திகள். பெயருக்கு விளக்கம் தேட வேண்டியதில்லை. தல புராணம் இதையே வடமொழியாக்கி லவணபுரம் என்கிறது. ராமநாதபுரம் சமஸ்தான தேவஸ்தானத்தைச் சேர்ந்த கோயில். பெரிய கோயில் இல்லை. சேது யாத்திரை போகிறவர்கள் முதலில் இந்தப் பிள்ளையாரைக் கும்பிட்டு, பிறகு தேவிபட்டினம் நவபாஷாணம், திருப்புல்லாணி, சேதுக்கரை என்று பார்த்துக்கொண்டு ராமேஸ்வரம் சேர்வது பழைய முறை. இலங்கைக்குப் போகுமுன் ராமனும் இங்கே வந்து கும்பிட்டான் என்பது ஐதீகம்.

சூரியன் வந்த கதை அதைவிடப் பழையது. சிவனை ஒதுக்கிவிட்டுத் தட்சன் நடத்திய வேள்விக்குப் போய் உட்கார்ந்தவர்களில் சூரியனும் ஒருவன். வீரபத்திரர் வந்து எல்லோரையும் உதைத்தபோது இவன் ஒளியும் போயிற்று. தப்பான சபையில் உட்கார்ந்த குற்றம். ஒளி இழந்தவன் இந்தக் கரைக்கு வந்து விநாயகரைப் பூசித்து ஒளியைத் திரும்பப் பெற்றான். பெற்றவன் ஒன்று கேட்டானாம்: என் கதிர் எப்போதும் உம்மேல் விழ வேண்டும். அவரும் உகந்து ஏற்றுக்கொண்டார். அதனால் வெயில் உகந்த விநாயகர். தட்சிணாயனத்தில் தென்புறமாகவும் உத்தராயணத்தில் வடபுறமாகவும் அவர்மேல் வெயில் விழும் என்று அந்த ஊர்க் கதை சொல்லும்.

நான் போன நேரம் ஒரு சுற்றுலா வேன் வந்து நின்றது. "பதினஞ்சு நிமிசம்தான், அடுத்து நவபாஷாணம்" என்று டிரைவர் சத்தம் கொடுத்தார். இருபது பேர் இறங்கி, இருபது பேரும் தோப்புக்கரணம் போட்டு, விபூதி வாங்கி, செல்பி எடுத்து ஏறத் தொடங்கினார்கள். ஒரு சின்னப் பையன் மட்டும் நகரவில்லை. "சாமி ஏம்மா வெயில்ல உக்காந்திருக்கு?" என்றான். "பேசாம கும்பிடு" என்றாள் அவன் அம்மா. அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். பதினைந்து நிமிடத்தில் பன்னிரண்டு போயிருந்தது.

வெளியே அருகம்புல் மாலை விற்றுக்கொண்டிருந்த அம்மாவிடம் நான் அதே கேள்வியைக் கேட்டேன். கையிலிருந்த நாரைப் பல்லில் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னார்: "உப்பளத்துல நாங்க கெடந்து வேகுறப்ப அவரு மட்டும் நெழல்ல இருந்தா நல்லாவா இருக்கும்?"

இது தல புராணத்தில் இல்லை. எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் இருக்காது. உப்பு என்பது வெயில் விளைவிக்கும் பயிர். கடல்நீரைப் பாத்தியில் கட்டிவிட்டு உப்பளக்காரன் வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். நாட்டில் மற்ற எல்லோரும் மழை வேண்டிக் கும்பிடும்போது இவன் வெயில் வேண்டிக் கும்பிடுகிறவன். அந்த ஊர்ச் சாமி வெயிலை உகக்காமல் வேறு எதை உகப்பார்? சூரியன் ஒளி இழந்த கதை தெரியாவிட்டாலும் அந்த அம்மாவுக்குச் சாமி தெரிந்திருந்தது.

திரும்பி வரும் வழியில் வாசகரின் மூன்றாவது கட்டம் மறுபடி நினைவுக்கு வந்தது. 'எதற்கு' என்ற நம் சொல் ஒரு விசித்திரமான சொல். அதற்கு இரண்டு பொருள். என்ன காரியத்துக்கு என்று ஒன்று, ஏன் என்று இன்னொன்று. "கடைக்கு எதுக்குப் போறே" என்றால் முதலாவது. "எதுக்கு அழறே" என்றால் இரண்டாவது. கோயில் வாசலில் நின்று கேட்கும்போது நம் காலத்தில் முதல் பொருள் மட்டும் மிஞ்சிவிட்டது. அந்தப் பையன் கேட்டது இரண்டாவது. அதற்குத்தான் மாலை விற்ற அம்மாவைத் தவிர யாரிடமும் பதில் இல்லை.

இந்த மறதி கோயில் வாசலோடு நிற்கவில்லை. தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் தேவிபட்டினம், சேதுக்கரை, ராமேஸ்வரம் அக்கினி தீர்த்தம் எல்லாம் கூட்டம் கொள்ளாது. கடற்கரையில் வரிசையாக உட்கார வைத்து, ஒரு கை எள்ளும் தண்ணீரும் கொடுத்து, சங்கல்பம் சொல்லி வைப்பார்கள். "நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லுங்கோ" என்று ஆரம்பிக்கும். நாமும் வாய்க்கு வந்தபடி திருப்பிச் சொல்வோம். என் அப்பாவுக்குத் தர்ப்பணம் செய்தபோது நானும் அப்படித்தான் சொன்னேன். ஒரு சொல்கூட உள்ளே இறங்கவில்லை. பக்கத்தில் யாரோ டோக்கன் நம்பர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சங்கல்பத்தில் என்ன இருக்கிறது என்று பல வருடம் கழித்துத்தான் உட்கார்ந்து பார்த்தேன். அது ஒரு முகவரி. மிகப் பெரிய வட்டத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாக நம்மிடம் வந்து சேரும் முகவரி. எந்தக் கற்பம், எந்த யுகம், எந்தத் தீவு, எந்த நாடு. அறுபது வருடச் சுற்றில் எந்த வருடம். எந்த அயனம், எந்த ருது, எந்த மாதம், வளர்பிறையா தேய்பிறையா, என்ன திதி, என்ன கிழமை, என்ன நட்சத்திரம். அண்டம் முழுவதையும் சொல்லி முடித்துவிட்டுக் கடைசியில் ஒரு புள்ளியாக, இன்ன கோத்திரத்து இன்னார் மகன் இன்ன காரியத்துக்காக இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று முடிகிறது. இத்தனை பெரிய காலத்தில் நீ எவ்வளவு சின்னவன் என்பதும் அது, இத்தனை பெரிய காலத்திலும் உனக்கென்று ஓர் இடம் இருக்கிறது என்பதும் அது. அரை நிமிடத்தில் முணுமுணுத்துத் தாண்டிப் போய்விடுகிறோம்.

அந்தப் பட்டியலில் வரும் அயனம் என்ற சொல்லைக் கவனியுங்கள். தட்சிணாயனம், உத்தராயணம். சேதுக்கரையில் அது வெறும் ஒலி. உப்பூரில் அதே சொல் ஒரு கல்திருமேனியின் தோளில் வெயிலாக விழுகிறது என்கிறார்கள். சூரியன் தெற்கே திரும்பியதாகப் பஞ்சாங்கம் சொல்லும் மாதம் ஆடி. வடக்கே திரும்பியதாகச் சொல்லும் மாதம் தை. வானியல் கணக்குப்படி அவன் ஜூன் 21 வாக்கிலும் டிசம்பர் 22 வாக்கிலும் திரும்பிவிடுகிறான், அந்த வித்தியாசம் பழைய கதை, இங்கே வேண்டாம். அந்த இரண்டு மாதத்து அமாவாசைகளில்தான் இந்தக் கரையே தலைகளாக நிறைகிறது. அதாவது, சூரியன் திசை மாறும்போது போனவர்களை நினைப்பது. சேது யாத்திரை முதலில் உப்பூரில் தொடங்கியதற்கு, தடை நீக்கும் பிள்ளையார் என்பது ஒரு காரணம். அயனம் என்றால் என்ன என்று காட்டிக் கொடுக்கும் பிள்ளையார் என்பதையும் நான் சேர்த்துக்கொள்கிறேன். இது என் கற்பனை, சாத்திரம் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய ஒன்பதரை பாகையில் இருக்கும் இந்தக் கரையில் வருடத்துக்கு இரண்டு முறை சூரியன் நடுப்பகலில் நேர் உச்சிக்கு வருவான். ஒன்று ஏப்ரல் நடுவில், சித்திரை பிறக்கும் வாக்கில். மற்றது ஆகஸ்ட் கடைசியில், விநாயகர் சதுர்த்தியை ஒட்டிய ஆவணியில். இதைப் பார்த்ததும் 'நம் முன்னோர்களின் வானியல் அதிசயம்' என்று அட்டைப்படத் தலைப்புக் கொடுக்க என் கை துறுதுறுத்தது. கட்டுப்படுத்திக்கொண்டேன். கோயில் கட்டியவர்கள் இதைக் கணக்கிட்டார்கள் என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. தோப்புக்கரணம் மூளைக்கு நல்லது, விபூதி நீர் உறிஞ்சும், மணியோசை கிருமியைக் கொல்லும் என்று இன்று நடக்கும் பிரசங்கங்களும் இந்த மறதியின் ஒரு பகுதி என்றுதான் நினைக்கிறேன். தோப்புக்கரணத்துக்கு 'சூப்பர் பிரெயின் யோகா' என்று வெளிநாட்டில் பெயர் வைத்த பிறகு நமக்கு அதில் புதுசாக மரியாதை வந்துவிட்டது. பிள்ளையார் முன்னால் காதைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழவர் சிரித்தபடி உட்கார்ந்து எழுவதில், வயதையும் பதவியையும் கழற்றி வைத்துக் குழந்தையாகும் ஒரு விளையாட்டு இருக்கிறது. அதற்கு ஆய்வகச் சான்றிதழ் எதற்கு?

பிரசங்கிகளைச் சொல்லும்போது சிதறுகாயையும் சொல்ல வேண்டும். தேங்காய் என்றால் ஆணவம், ஓடு உடைந்தால் உள்ளே வெண்மை. ஐம்பது வருடமாக எல்லா மேடையிலும் கேட்டுவிட்டோம். முதலில் சொன்னவருக்கு அது ஒரு கண்டுபிடிப்பு. இன்று அந்த விளக்கமும் ஒரு சடங்கு. காய் உடைவதுபோல் அதுவும் உடைகிறது, யார் ஆணவமும் போவதில்லை. (ஓடிப்போய்ப் பொறுக்கும் பையன்களுக்கு மட்டும் கொஞ்சம் பூரணம் கிடைக்கிறது.)

எள்ளும் தண்ணீருமாக உட்கார்ந்த இடத்துக்குத் திரும்பி வருகிறேன். தர்ப்பணம் என்ற சொல்லுக்கே திருப்தி செய்வித்தல் என்று பொருள். அப்பா, தாத்தா, கொள்ளுத் தாத்தா. அம்மா வழியில் அப்படியே. ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி விட்டுக்கொண்டு வந்து, முடிக்கும் இடத்தில் ஒரு மந்திரம் உண்டு. தாய் இல்லாதவர், தந்தை இல்லாதவர், நண்பரும் உறவும் இல்லாதவர், நினைத்து நீர் விட ஒருவரும் இல்லாதவர், அவர்களும் இந்த நீரால் திருப்தி அடையட்டும் என்று கருத்து. தன் வீட்டுச் சாவுக்கு வந்தவனை, முகம் தெரியாத அநாதைகள் அத்தனை பேருக்கும் மகனாக்கி எழுப்பி அனுப்புகிறது அந்த மந்திரம். 1964 டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை விழுங்கியபோது குடும்பம் குடும்பமாகப் போனார்கள், பேர் சொல்ல ஆள் மிஞ்சாமல். அக்கினி தீர்த்தத்தில் உட்கார்ந்து கடைசிக் கை நீர் விடுகிறவன் அவர்களுக்கும் சேர்த்தே விடுகிறான். அவனுக்கு அது தெரியாது. சொல்லி வைத்தவர் சொல்லவில்லை. அடுத்த வரிசை காத்திருந்தது.

எழுந்து ஈரத்துணியோடு ராமேஸ்வரம் கோயிலுக்குள் போனால் இருபத்திரண்டு தீர்த்தம். வாளி வாளியாக ஊற்றுவார்கள். "எத்தனை ஆச்சு? பதினாறா, பதினேழா?" என்று குழந்தைகள் கத்திக்கொண்டே ஓடும். எனக்கும் அந்த ஓட்டம் பிடிக்கும், அதைக் குறை சொல்ல வரவில்லை. அந்தக் கிணறுகளின் பெயர்ப் பலகைகளை ஒரு முறை நின்று வாசித்துப் பாருங்கள். மகாலட்சுமி, சாவித்திரி, காயத்திரி, கங்கை, யமுனை எல்லாம் எதிர்பார்த்தவை. இடையில் நளன், நீலன், கவயன், கவாட்சன், கந்தமாதனன் என்று வரும். இவர்கள் யார்? வானரச் சேனையின் ஆட்கள். அணை கட்டியவர்கள். கல் சுமந்தவனுக்கும் கட்டட வேலை பார்த்தவனுக்கும் கங்கைக்குப் பக்கத்திலேயே ஒரு கிணறு கொடுத்து, அவன் பெயரால் குளித்தால்தான் உன் பாவம் போகும் என்று வைத்திருக்கிறார்கள். பாலம் திறக்கும்போது கல்வெட்டில் யார் பெயர் வரும் என்று நமக்குத் தெரியும். பழைய பாம்பன் பாலத்துக்குக் கல் சுமந்தவர்களில் ஒருவர் பெயரையாவது நம்மால் சொல்ல முடியுமா?

அதே கோயிலில் இன்னும் ஒரு வழக்கம். சீதை மணலில் பிடித்து வைத்த ராமலிங்கம்தான் மூலவர். ஆனாலும் முதல் பூசை அனுமன் கயிலையிலிருந்து கொண்டுவந்த விசுவலிங்கத்துக்கு. அனுமன் நேரத்துக்கு வந்து சேரவில்லை. அதற்குள் முகூர்த்தம் வந்துவிட்டதால் மணல் லிங்கத்தை வைத்துவிட்டார்கள். மூச்சிரைக்க வந்தவன் முகம் வாடியதைப் பார்த்து, முதல் பூசை உன் லிங்கத்துக்கே என்று ராமன் வாக்குக் கொடுத்தான். பிந்தி வந்த ஒருவன் மனம் நோகக் கூடாது என்பதற்காக, அன்று முதல் இன்றுவரை ஒரு பெரிய கோயிலின் பூசை வரிசையே மாறி நடக்கிறது! இதைக் கேட்டுவிட்டு வெளியே வந்த யாராவது, வேனுக்குப் பத்து நிமிடம் பிந்தி வந்த மாமியாரை ஏச முடியுமா? ஏசுகிறோம். என் கண்ணால் பார்த்தேன்.

ராமன் அங்கே லிங்கம் வைத்ததே ராவணனைக் கொன்ற பாவம் தீர என்பது தல வரலாறு. பகைவன்தான், பெண்ணைக் கவர்ந்தவன்தான், நியாயமான போர்தான். ஆனாலும் வென்றவன் கடற்கரையில் உட்கார்ந்து கொன்றதற்காக வருந்தினான். நாமோ 'பித்ரு தோஷம், பிரம்மஹத்தி தோஷம் நீங்கும் தலம்' என்று இரண்டு வரியில் முடித்து விலாசமும் நடை திறக்கும் நேரமும் கீழே கொடுத்துவிடுகிறோம்.

'நாமோ' என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். வாசகரின் நோட்டில் மூன்றாவது கட்டம் எங்கிருந்து வந்தது? அவர் பரணில் இருக்கும் நம் இதழ்களிலிருந்துதான். பரிகாரப் பக்கம் ஆரம்பித்த மாதம் விற்பனை ஏறியது. சனிப்பெயர்ச்சிக்கு ஒரு சிறப்பிதழ், குருப்பெயர்ச்சிக்கு ஒரு சிறப்பிதழ் என்று பழகிவிட்டோம். சில வருடங்களுக்கு முன் ஒரு பெரியவர் சங்கல்பத்தைப் பற்றி எட்டுப் பக்கம் கையால் எழுதி அனுப்பியிருந்தார். மேலே நான் சொன்னதில் பாதி அவர் எழுதியதுதான். இடம் போதவில்லை என்று முக்கால் பக்கமாக வெட்டி, மிச்ச இடத்தில் 'பலன்கள்' என்று பெட்டி போட்டு அச்சுக்கு அனுப்பியவன் நான். அவர் கோபித்துக்கொண்டு கடிதம்கூட எழுதவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

கோயில் காரியங்கள் தமிழில் நடந்தால் பொருள் விளங்கிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். 2021 ஆகஸ்டில் 'அன்னைத் தமிழில் அர்ச்சனை' திட்டம் வந்தபோது நானும் மகிழ்ந்தேன். காது திறக்க அது ஒரு வழி. ஆனால் தேவாரம் தமிழ்தானே? ஓதுவார் பாடும்போது நாம் என்ன செய்கிறோம்? தட்டில் சில்லறை போட்டுவிட்டோமா என்று பையைத் தடவுகிறோம். மொழி கதவைத் திறக்கும், உள்ளே போவது கால்கள் செய்ய வேண்டிய வேலை.

இந்தக் குறையைச் சொல்ல நான் முதல் ஆள் இல்லை. இதே கரையில் இதே பேச்சு நூறு வருடத்துக்கு முன்பே நடந்திருக்கிறது. சிகாகோ சர்வமத சபையில் பேசிவிட்டு, இலங்கை வழியாகத் தாய்நாடு திரும்பிய சுவாமி விவேகானந்தர் 26.1.1897 அன்று பாம்பனில் இறங்கினார். அவரை அமெரிக்காவுக்குப் போகும்படி தூண்டியவர்களில் ஒருவரான ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி எதிர்கொண்டு அழைத்தார். குதிரைகளை அவிழ்த்துவிட்டு மன்னரும் மக்களுமாக வண்டியை இழுத்தார்கள். மறுநாள் ராமேஸ்வரம் கோயிலில் சுவாமி பேசினார். ஆயிரம் மைல் கடந்து வந்த யாத்திரிகர்கள் நிறைந்த கோயில். அங்கே நின்றுகொண்டு, உண்மையான வழிபாடு எது என்பதையே பொருளாக எடுத்துக்கொண்டார். சிலையில் மட்டும் சிவனைப் பார்ப்பது ஆரம்பப் பாடம். ஏழையிடமும் நோயாளியிடமும் நலிந்தவனிடமும் சிவனைப் பார்க்கிறவனே பூசை செய்கிறவன் என்பது அந்தப் பேச்சின் சாரம். கோயிலுக்குள் நின்று கோயில்காரர்களிடம் இதைச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். கேட்டுக்கொண்டிருந்த மன்னர் என்ன செய்தார் தெரியுமா? மறுநாளே ஆயிரக்கணக்கான ஏழைகளுக்குச் சோறும் துணியும் கொடுத்தார். சொல்லுக்கும் செயலுக்கும் நடுவே ஓர் இரவுதான்.

அதற்கும் முன்னால், 18ஆம் நூற்றாண்டில், ஊர் ஊராய்த் திரிந்த தாயுமானவர் கடைசியில் வந்து ஒடுங்கியது இந்த ராமநாதபுரத்தில்தான். லட்சுமிபுரத்தில் அவர் சமாதி இருக்கிறது. பூசைக்கு மலர் பறிக்கப் போனால் மலருக்குள்ளும் நீதானே இருக்கிறாய் என்று கை கூசி நின்றவர். பறித்தவர்களை அவர் ஏசவில்லை. பறிக்க முடியாமல் நின்றார், அவ்வளவுதான். நவபாஷாணத்துக்கு எத்தனையோ வேன்கள் அந்த ஊர் வழியாகப் போகின்றன. அவர் சமாதி எந்தப் பரிகாரப் பட்டியலிலும் இல்லை.

அந்தப் பக்கத்து வீடுகளில் இந்தப் பேச்சு எவ்வளவு சாதாரணமாக நடந்தது என்பதற்கு அப்துல் கலாம் தன் 'அக்னிச் சிறகுகள்' நூலில் எழுதியிருப்பது எனக்குப் பிடித்த சாட்சி. ராமேஸ்வரம் கோயிலின் பட்சி லட்சுமண சாஸ்திரிகளும், பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் தன் தந்தை ஜைனுலாப்தீனும் அவரவர் உடையில் உட்கார்ந்து ஆன்மிக விஷயங்கள் பேசிக்கொண்டிருந்ததை அவர் சிறுவயது நினைவாகச் சொல்கிறார். சீதா கல்யாண உற்சவத்தில் சுவாமியைத் தெப்பத்துக்குக் கொண்டுபோகப் படகு ஏற்பாடு செய்தது அவர்கள் குடும்பம். பிரார்த்தனை என்றால் என்ன என்று கேள்வி கேட்ட பையனை அந்தத் தந்தை 'பேசாம தொழு' என்று அதட்டவில்லை. உட்கார வைத்துப் பதில் சொன்னார். அவர்களுக்கு நேரம் இருந்தது என்பீர்கள். கடற்கரை ஊரில், படகும் தோப்புமாகப் பிழைத்த மனிதருக்கு எங்கிருந்து வந்தது அவ்வளவு நேரம்?

உப்பூர்ப் பிள்ளையாருக்குச் சதுர்த்தியை ஒட்டி நடக்கும் திருவிழாவில் ஒரு விசேஷம் உண்டு. நம் பக்கத்தில் அரசமரத்தடியில் பிரம்மச்சாரியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளையாருக்கு இங்கே திருக்கல்யாணம் நடக்கும். சித்தி, புத்தி என்று இரண்டு தேவியர். ஊரே கல்யாண வீடாகிவிடும். 'எனவே திருமணத் தடை நீங்கும்' என்று மூன்றாவது கட்டத்தை நிரப்பிவிடுவது ரொம்பச் சுலபம். ஆனால் பெயர்களைப் பாருங்கள். சித்தி என்றால் நினைத்தது கைகூடுவது. புத்தி என்றால் புத்திதான். ஒருவரை விட்டு ஒருவருக்குத் தாலி ஏறுவதில்லை. வேன் ஏறி வருகிற நாம் சித்தியைத்தான் வீட்டுக்குக் கூப்பிடுகிறோம். புத்தி மணமேடையிலேயே நிற்கிறாள், யாராவது வந்து வாங்க என்று சொல்வார்களா என்று பார்த்துக்கொண்டு.

கேட்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. மகளுக்கு வரன் அமையவில்லை என்று அழுகிற அம்மாவிடம் போய் அயனத்தைப் பற்றிப் பேசுகிறவன் முட்டாள். என் மகன் காய்ச்சலில் கிடந்த இரவு நானும் பிள்ளையாரிடம் தத்துவம் கேட்கவில்லை. ஆனால் காய்ச்சல் இறங்கிய பிறகும் ஒரு முறை போகலாம் இல்லையா, சும்மா, அவர் எப்படி இருக்கிறார் என்று பார்க்க?

அடுத்த இதழ் முதல் பரிகாரப் பக்கம் இருக்காது. விற்பனைப் பிரிவு நண்பர்கள் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. அந்த இடத்தில் உங்கள் கடிதங்கள் வரும். உங்கள் வீட்டில், உங்கள் ஊர்க் கோயிலில் செய்யும் ஏதாவது ஒரு சின்னச் செய்கை. அதை ஏன் செய்கிறோம் என்று உங்கள் ஆச்சியோ அப்பத்தாவோ பூசாரியோ மாலை கட்டுகிறவரோ சொன்ன பதில். புராணத்தோடு ஒத்துப்போக வேண்டியதில்லை. அறிவியல் காரணம் மட்டும் வேண்டாம். யாரும் சொல்லவில்லை, எனக்கும் தெரியாது என்று எழுதினாலும் வெளியிடுவோம். வேறொரு ஊரில் யாருக்காவது தெரிந்திருக்கும். அந்த எட்டுப் பக்கக் கட்டுரையையும் தேடி எடுத்துவிட்டேன், பெரியவரின் குடும்பத்தாரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். இந்த முறை வெட்டாமல் வரும்.

உப்பூரிலிருந்து வந்த மறுநாள் தஞ்சாவூர் வாசகரைக் கூப்பிட்டேன். சூரியன் கதை, அயனம், உப்பளம், மாலைக்கார அம்மா எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். நடுநடுவே "ஓ" என்றார். எல்லாம் முடிந்ததும் பேனா மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"ரொம்ப சந்தோஷம் சார். இப்ப எதுக்குன்னு போட்டுக்கட்டும்?"

"காலியாவே விடுங்களேன்" என்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "அவ்ளோ தூரம் போயிட்டு வந்து காலியாவா சார்?" என்றார். பிறகு, "பேத்தி பெரிசா கேள்வி கேப்பா. அவகிட்டயே நோட்டைக் குடுத்துப் பாக்கறேன்."

அவர்கள் இந்த வாரம் கிளம்புகிறார்கள். காலை ஒன்பது மணிக்கு மேல் போகாதீர்கள், தரை சுடும் என்று சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்